மதுரை: கோயிலைத் தாண்டிய ஊர்க்கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சி கோயிலைப் பார்த்துவிட்டு, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு, ஊரையே பார்த்த மாதிரி கிளம்பிவிடுகிறார்கள். கோயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே அதைச் சுற்றியிருக்கும் ஊரைப் பற்றித்தான் பேச்சு. கூட்டிக்கொண்டு சுற்றும்போது நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஓரிடத்தில் போட்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "நாங்க மதுரைக்காரய்ங்க" என்று நாம் மார்தட்டினாலும், இன்றைக்கு நாம் பார்க்கிற மதுரையை உருவாக்கியவர்களில் பாதிப்பேர் வெளியூரிலிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டவர்கள்தான். கீழே வரும் பெயர்களைப் படித்தால் உங்களுக்கே தெரியும்.

மதுரைக்குக் கோட்டை இருந்ததாமே, அது எங்கே போனது?

நீங்கள் அதன் மேல்தான் நடந்துகொண்டிருக்கிறீர்கள். 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை அது, 72 பாளையங்களுக்குக் கணக்காக 72 கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. 19-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது அது யாரையும் காக்கிற நிலையில் இல்லை. ஊர் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்தது, அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது. 1834 முதல் 1847 வரை இங்கே கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் 1837 வாக்கில் அதை இடிக்க முடிவெடுத்தார்.

அரசாங்கத்திடம் பணம் இல்லை. அதனால் மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார், கோட்டைச் சுவரை இடித்து அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடத்தையே கொடுப்பது என்று. முதலில் யாரும் கை வைக்கவில்லையாம், கோட்டையில் காவல் தெய்வங்கள் இருக்கின்றன என்ற பயம். பிறகு அந்தத் தெய்வங்களை முறைப்படி வேறிடத்துக்கு எழுந்தருளச் செய்துவிட்டுத்தான் வேலை நடந்தது என்று சொல்வார்கள். நில அளவைக்காரர் மாரட், மேஸ்திரி பெருமாள், இந்த இரண்டு பேரும்தான் வேலையை முன்னின்று நடத்தியவர்கள். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் தினமும் சொல்கிறோமே, அவர்கள்தான். ஒரு கலெக்டர் பெயரைவிட ஒரு மேஸ்திரியின் பெயர் ஊரில் அதிகம் புழங்குவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

கோட்டைக்கு வெளியே இருந்தவை வெளி வீதிகள். மேற்குப் பக்கம் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கொத்தளத் துண்டு இன்னும் நிற்கிறது. இதைவிடப் பழைய பாண்டியர் காலக் கோட்டையின் மிச்சம் என்று சொல்லப்படும் விட்டவாசல், கோயிலுக்குக் கிழக்கே கடைகளுக்கு நடுவில் இருக்கிறது, அதன் அடியில் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும், மேலே நிமிர்ந்து பார்க்கிறவர்தான் யாரும் இல்லை.

விளக்குத்தூண் என்பது அந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெயர்தானே?

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பெயர் வந்ததே அந்தத் தூணால்தான். கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சந்திக்கிற இடத்தில் இரும்பில் வார்த்த ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. ஊரைக் கோட்டைக்குள்ளிருந்து வெளியே விட்டதற்கு நன்றியாக பிளாக்பர்ன் நினைவில் மக்கள் 1847-இல் நிறுத்தியது. ஜவுளி எடுக்கப் போகிற கூட்டத்தில் இதைக் கவனிப்பது கஷ்டம்தான், தீபாவளி சமயத்தில் போனால் தூணையே பார்க்க முடியாது.

வீதிகளுக்கு மாதங்களின் பெயர் ஏன்?

கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. எந்த மாதத் திருவிழாவுக்கு சாமி எந்த வீதியைச் சுற்றி வந்ததோ, அந்த வீதிக்கு அந்த மாதத்தின் பெயர். அப்படியானால் சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று கேட்பீர்கள். திருக்கல்யாணமும் தேரும் முன்பு மாசியில்தான் நடந்தன. திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி, தேனூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த அழகரையும் மதுரை வைகைக்கு வரவழைத்தார். மாசி அறுவடை நேரம், ஜனங்கள் வர முடியாது, புதுத் தேரை இழுக்க ஆள் வேண்டும் என்று பல காரணங்கள் சொல்வார்கள். எப்படியோ, சைவர்களின் விழாவும் வைணவர்களின் விழாவும் ஒரே மாதத்தில் ஒன்றாகி, தென்னாட்டிலேயே பெரிய கூட்டம் கூடும் விழா உண்டானது. வீதியின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

திருமலை நாயக்கர் மகால் இவ்வளவுதானா?

இந்த ஏமாற்றம் எல்லோருக்கும் வரும். 1636-இல் கட்டியதில் கால் பங்குதான் இப்போது நிற்கிறது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. இடித்தது வெள்ளைக்காரன் இல்லை, திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர். தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனவர், தாத்தா கட்டிய மாளிகையிலிருந்து தூண்களையும் மரவேலைகளையும் பெயர்த்துக் கொண்டுபோனார். அங்கே அவற்றை வைத்து இதற்கு ஈடாக ஒரு மாளிகையை எழுப்பியதாகவும் தெரியவில்லை.

மீதியைக் காப்பாற்றியவர் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு, 1866-72 காலத்தில் பழுதுபார்க்கச் செய்தார். பிறகு அங்கே நீதிமன்றம் நடந்தது, 1970 வரைக்கும்! அந்த உயரமான தூண்களுக்கு நடுவே கறுப்பு அங்கி போட்ட வக்கீல்களும் வாய்தாவுக்கு வந்து குந்தியிருக்கிற கட்சிக்காரர்களும் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நாயக்கர் தர்பார் நடந்த இடத்தில் அதற்குப் பொருத்தமான வேறு என்ன நடந்திருக்க முடியும்.

மகாலைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். நடந்தே போகிற தூரத்தில், ஒரு சந்துக்குள், பத்துத்தூண் என்று ஒரு இடம். பெரிய பெரிய கல்தூண்கள், மேலே கூரை கிடையாது, கீழே திரைச்சீலைகளும் துண்டுத் துணிகளும் விற்கிற கடைகள், தூணுக்கும் கடைச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். மாளிகையின் இன்னொரு பகுதியான ரங்க விலாசத்தின் மிச்சம் அவை. மகால் எவ்வளவு பரந்து கிடந்தது என்பதை மகாலுக்குள் நின்று புரிந்துகொள்ள முடியாது, இங்கே நின்றால்தான் புரியும்.

மகாலைச் சுற்றி சௌராஷ்டிரர்கள் ஏன் அதிகம்?

நெசவாளர்கள். குஜராத் பக்கத்திலிருந்து விஜயநகரம் வழியாகப் படிப்படியாகத் தெற்கே வந்தவர்கள், நாயக்கர் காலத்தில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே குடியமர்ந்தார்கள். பட்டு நெய்ததால் பட்டுநூல்காரர் என்றும் ஊரில் சொல்வார்கள். துணியில் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கும் சுங்குடி இவர்கள் கைவேலை. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இப்போது கடையில் "சுங்குடி" என்று எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலானவை அச்சுப் போட்டவை, முடிச்சுப் போட்டது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், துணியைத் தடவினாலே கையில் புள்ளி புள்ளியாகத் தட்டுப்படும். 1886-இல் தொடங்கிய சௌராஷ்டிரா பள்ளி இவர்களுடையது. டி.எம்.சௌந்தரராஜன் இந்தச் சமூகத்தில் பிறந்த மதுரைக்காரர்.

"பீட்டர் பாண்டியன்" என்று ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் உண்மையிலேயே இருந்தாரா?

இருந்தார். ரவுஸ் பீட்டர், 1812 முதல் 1828 வரை கலெக்டர். தாராளமாகச் செலவழித்ததாலும் ஊர் ஜனங்களோடு ஒட்டிப் பழகியதாலும் வந்த பட்டப்பெயர். மழை இரவில் ஒரு சின்னப் பெண் வந்து அவரை வீட்டுக்கு வெளியே அழைத்துப் போனதாகவும், அடுத்த நிமிடம் வீடு இடிந்து விழுந்ததாகவும், வந்தவள் மீனாட்சியே என்று நம்பி அவர் காணிக்கை கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் காணிக்கை நிஜம்: கற்கள் பதித்த தங்க மிதியடி, அம்மன் குதிரை வாகனத்தில் வரும்போது கால் வைக்க. இன்றைக்கும் சித்திரைத் திருவிழாவில் பயன்படுத்துகிறார்கள். அவர் சமாதி செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் இருக்கிறது.

கான்சாகிப் என்கிற மருதநாயகத்தை மதுரையில்தான் தூக்கிலிட்டார்களா?

ஆமாம், 1764 அக்டோபர் 15. ராமநாதபுரம் பக்கம் பனையூரில் பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்து, தளபதியாகி, மதுரையின் ஆளுநராகவே ஆகி, கடைசியில் ஆற்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றவர். கம்பெனிப் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் மதுரைக் கோட்டை விழவில்லை. உள்ளே இருந்தவர்களே தொழுகை நேரத்தில் அவரைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தார்கள். சம்மட்டிபுரத்தில் தூக்கு. அங்கே அவர் அடக்கத்தலமும் பள்ளிவாசலும் இருக்கின்றன. இஸ்லாமியராக இருந்தும் மீனாட்சி கோயிலின் பூசை, நிலம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார் என்று வரலாற்றில் பெயர். கோயிலுக்குப் பக்கத்திலேயே கான்சாமேட்டுத் தெரு என்று ஒன்று இருக்கிறது, அந்தக் கான்சா இவர்தான்.

நான்காம் தமிழ்ச் சங்கம் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

முதல் மூன்றும் பாண்டியர்களுடையவை, இலக்கியம் சொல்பவை. நான்காவது 1901 செப்டம்பர் 14 அன்று சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் கூட்டம் போட்டுத் தொடங்கியது. தொடங்கியவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், பக்கபலம் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. மதுரைக்கு வந்த பாண்டித்துரைத் தேவர் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டபோது ஊரில் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை, அந்த வருத்தத்தில்தான் சங்கம் பிறந்தது என்று சொல்வது வழக்கம். ஓலைச்சுவடி சேகரிப்பு, நூல் பதிப்பு, தேர்வுகள், ரா.இராகவையங்கார் ஆசிரியராக இருந்த "செந்தமிழ்" பத்திரிகை, பிறகு செந்தமிழ்க் கல்லூரி என்று காரியம் வளர்ந்தது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் இதே பாண்டித்துரைத் தேவர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பாரதியார் மதுரையில் வாத்தியார் வேலை பார்த்தாரா?

பார்த்தார், அதே சேதுபதி பள்ளியில், 1904 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, தற்காலிகத் தமிழாசிரியராக. அங்கிருந்துதான் சென்னைக்குச் சுதேசமித்திரன் வேலைக்குப் போனார். வடக்கு வெளி வீதியில் பள்ளி இன்னும் நடக்கிறது, முன்னால் பாரதி சிலை உண்டு. சில மாத வேலைக்கு இத்தனை பெருமையா என்று கேட்காதீர்கள், எங்களுக்கு அது போதும்.

காந்தி சட்டையைக் கழற்றிய வீடு எது?

மேலமாசி வீதி, 251-ஏ. மாடியில் தங்கியிருந்தார், 1921 செப்டம்பர். 22-ஆம் தேதி காலையில் அந்த வீட்டிலிருந்து இறங்கி வந்தபோது இடுப்பில் முழங்கால் அளவுத் துணி மட்டும். அன்னியத் துணியை எரிக்கச் சொல்கிறீர்கள், ஏழைகள் கதருக்கு எங்கே போவது என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்த நேரம். கீழே இப்போது கதர்க் கடை. அவர் அந்தக் கோலத்தில் முதலில் பேசிய இடம் காமராசர் சாலையில் காந்தி பொட்டல், ஒரு சிலை இருக்கிறது.

காந்தி நினைவு அருங்காட்சியகம் இதிலிருந்து வேறு, வைகைக்கு வடகரையில், தமுக்கம் மைதானத்துக்குப் பக்கத்தில். ராணி மங்கம்மாளின் கோடை மாளிகை அது, பிறகு கலெக்டர்கள் குடியிருந்தார்கள், 1959 ஏப்ரல் 15 அன்று நேரு அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி உள்ளே இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகச் சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள், அந்த அறைக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே குரல் தணிந்துவிடும்.

1939 ஆலயப் பிரவேசத்தில் உண்மையில் என்ன நடந்தது?

இந்த ஒரு கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் மதுரை வரலாற்றில் நான் மிகப் பெரியதாக நினைக்கும் நாள் இதுதான், கோட்டை இடித்த நாளைவிட.

1939 ஜூலை 8, காலை. வக்கீல் அ.வைத்தியநாத ஐயர், அவர் தமிழ்நாடு அரிசன சேவா சங்கத்தின் தலைவர், தஞ்சாவூர்ப் பக்கம் விஷ்ணம்பேட்டையில் பிறந்து மதுரைக்கு வந்தவர். அவரோடு எல்.என்.கோபாலசாமி, அப்புறம் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பி.கக்கன் உள்ளிட்ட சிலர், நாடார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர். நாடார்களுக்கும் அப்போது கோயிலுக்குள் அனுமதி கிடையாது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கோயிலின் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ்.நாயுடு அவர்களை வாசலில் நின்று வரவேற்று உள்ளே அழைத்துப்போனார். கைப்பிடி அளவு ஆட்கள், தெற்குக் கோபுரப் பக்கமாக உள்ளே போனார்கள், சாமி கும்பிட்டார்கள், வந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் எத்தனை மாதப் பிரசாரம், எத்தனை வீடு வீடாகப் பேச்சு, எத்தனை மிரட்டல் என்பது வேறு கதை. பிரவேசத்தைத் தடுக்க நினைத்தவர்களுக்கு முத்துராமலிங்கத் தேவர் விட்ட எச்சரிக்கையும் அதில் ஒரு பகுதி.

அடுத்து பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லி, எதிர்த்த கூட்டம் வேறொரு இடத்தில் தனியாக ஒரு மீனாட்சியை வைத்துப் பூசை நடத்தியது என்றும் சொல்வார்கள். வைத்தியநாத ஐயர் மேலும் நாயுடு மேலும் வழக்கு வரும் நிலை. ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டு, பிறகு அதே ஆண்டில் ஆலயப் பிரவேச அனுமதி, இழப்பீட்டுப் பாதுகாப்புச் சட்டமாக நிறைவேற்றி இவர்களைக் காத்தது. எல்லாருக்கும் கதவு திறக்காத கோயிலுக்குள் தானும் போவதில்லை என்று இருந்த காந்தி, 1946-இல் மதுரைக்கு வந்தபோது மீனாட்சியைத் தரிசித்தார்.

கக்கன் பிறகு மாநில அமைச்சராக, பொதுப்பணி, உள்துறை என்று பெரிய இலாகாக்களைக் கையில் வைத்திருந்தார். மேலூர் அருகே தும்பைப்பட்டிக்காரர். கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் படுத்திருந்தவரை, வேறு ஒருவரைப் பார்க்கப் போன எம்.ஜி.ஆர். தற்செயலாகப் பார்த்துத்தான் உதவிக்கு ஏற்பாடு செய்தார். ஊரில் அவர் பெயரைச் சொல்லும்போது மூத்தவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

அமெரிக்கன் கல்லூரிக்கு ஏன் அந்தப் பெயர்? அமெரிக்காவுக்கும் மதுரைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் யாழ்ப்பாணம் வழியாக வந்தது. அங்கே முன்பே வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் கடல் தாண்டி மதுரையில் ஒரு கிளையைத் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டை குருமடத்தின் தலைவராக இருந்த டேனியல் பூவர் 1836-இல் இங்கே வந்து பள்ளிகளைத் திறந்தார். பசுமலையில் இருந்த குருமடத்தை ஒட்டி 1881-இல் கல்லூரி உண்டானது, வாஷ்பர்ன் என்பவர் முதல்வர். 1909-இல் கோரிப்பாளையம் பக்கம் இப்போது இருக்கும் இடத்துக்கு மாறியது, அப்போதைய முதல்வர் சம்ப்ரோ. செங்கல் நிறத்தில் கம்பீரமாக நிற்கும் அந்த முகப்புக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், சென்னையிலும் மைசூரிலும் பெரிய பெரிய கட்டடங்களைப் போட்டவர்.

பெண்களுக்கான லேடி டோக் கல்லூரி, கேட்டி வில்காக்ஸ் முயற்சியில் 1948-இல் வந்தது. கீழவெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரியும் இதே மரத்தின் கிளைதான்.

ஹார்விபட்டி ஹார்வி யார்?

ஒருவர் இல்லை, ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்று ஸ்காட்லாந்து அண்ணன் தம்பிகள். அம்பாசமுத்திரம் பக்கம் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் நூற்பாலை போட்டுவிட்டு, 1892-இல் மதுரைக்கு வந்து ரயில் நிலையத்துக்குப் பின்னால் மில் தொடங்கினார்கள். ஆவணத்தில் மதுரா மில்ஸ், ஊர் வாயில் ஹார்வி மில். மதுரையைக் கோயில் நகரத்திலிருந்து தொழில் நகரமாக்கியது இந்த மில்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஷிப்டு வேலைக்கு வந்து, மில் சங்கு ஊதுவதை வைத்து ஊரே நேரம் பார்த்தது. தொழிற்சங்கங்கள் இங்கே வலுவாக வேர்விட்டதற்கும் இதுவே காரணம். தொழிலாளர்களுக்காகத் திருப்பரங்குன்றம் சாலையில் கட்டிய குடியிருப்புதான் ஹார்விபட்டி.

இதற்குப் போட்டியாக நம்மவர் ஒருவர் மீனாட்சி மில்லைத் தொடங்கினார், கருமுத்து தியாகராசர். செட்டிநாட்டுக்காரர், கொழும்பில் படித்தவர், அங்கே தோட்டத் தொழிலாளர்களுக்காகவும் பேசியவர். தெப்பக்குளத்தின் எதிரே உள்ள தியாகராசர் கல்லூரி 1949, பொறியியல் கல்லூரி 1957.

டி.வி.எஸ். மதுரைக் கம்பெனியா?

வேர் மதுரையில், விதை திருக்குறுங்குடியில். டி.வி.சுந்தரம் ஐயங்கார் ரயில்வே உத்தியோகத்தையும் பிறகு மரவியாபாரத்தையும் விட்டுவிட்டு 1911-இல் கம்பெனி தொடங்கி, தஞ்சாவூர்-புதுக்கோட்டை வழியில் பஸ் ஓட்டினார். அப்புறம் மதுரை தலைமையிடமானது. டி.வி.எஸ். பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று தாத்தாக்கள் சொல்வார்கள். மாட்டு லாடத்து ஆணிகள் டயரைக் குத்தியதால், காந்தம் கட்டிய வண்டியை முன்னே ஓட்டி ரோட்டில் ஆணி பொறுக்கிய கதையும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பஸ் போக்குவரத்து அரசுடைமை ஆனபோது அதே பஸ்களும் ஆட்களும் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆனார்கள். காந்திகிராமம் கண்ட டாக்டர் சௌந்தரம் இவர் மகள்.

எம்.எஸ்.சுப்புலட்சுமி பிறந்த வீட்டைப் பார்க்க முடியுமா?

வெளியிலிருந்து பார்க்கலாம். அனுமந்தராயர் கோயில் தெரு, கோயிலுக்கு மேற்கே, குறுகலான தெரு. 1916 செப்டம்பர் 16 பிறப்பு. அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், எம்.எஸ். என்பதில் முதல் எழுத்து மதுரை, இரண்டாவது அம்மா. முகப்பில் மேலே ஒரு வீணையைச் செதுக்கி வைத்திருப்பார்கள், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

நாடகக்காரர்களுக்கு மதுரையில் தனித் தெருவா?

சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்தினார், டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் வளர்ந்தவர்கள். சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வேண்டும் என்றால் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள், அவர்கள் மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. அதனால்தான் அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர்.

தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியதா?

அப்படித்தான் சொல்லி வளர்ந்தோம். 2,563 இருக்கைகள், 1952 தீபாவளிக்கு "பராசக்தி" படத்தோடு திறந்தது, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை.

அரவிந்த் கண் மருத்துவமனை எப்படித் தொடங்கியது?

டாக்டர் கோ.வெங்கடசாமி, எட்டயபுரம் வட்டாரத்து வடமலாபுரத்துக்காரர். இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கண் அறுவை செய்யப் பழகி, வாழ்நாளில் லட்சத்துக்கும் மேல் செய்தவர் என்பார்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல் அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கிறார், முடியாதவருக்கு இலவசம், ஒரே டாக்டர்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து ஏகப்பட்ட விலையில் வந்துகொண்டிருந்ததால், 1992-இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள், விலை பல மடங்கு இறங்கியது. இது மதுரையிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட விஷயம், ஆனால் சுற்றுலாப் பயணிக்கு யாரும் சொல்வதில்லை.

கீழடி மதுரையில் சேர்த்தியா?

சிவகங்கை மாவட்டம். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான், வைகைக் கரை. 2023 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது, அரை நாள் ஒதுக்குங்கள்.

புது மண்டபத்தில் இருந்த கடைகள் எங்கே?

கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டிய மண்டபம் அது, நாயக்கர் சிலைகள் உள்ளே வரிசையாக நிற்கும். பல தலைமுறைகளாக அதற்குள் தையல்காரர்கள், பாத்திரக் கடைகள், புத்தகக் கடைகள். கருப்பசாமி வேடத்துக்குச் சல்லடம், குல்லா, அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பு எல்லாம், ஒரு யாளித் தூணுக்கும் அடுத்த யாளித் தூணுக்கும் நடுவே தையல் இயந்திரத்தைப் போட்டு அங்கேயே அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் படிந்த அந்தத் தூண்களுக்கு நடுவே தறதறவென்று மிஷின் ஓடுகிற சத்தம் இல்லாத புது மண்டபம் எனக்குப் பாதி மண்டபமாகத்தான் தெரிகிறது. உங்களுக்கு உடுப்பு தைக்க வேண்டுமானால் சத்திரத்துக்குப் போங்கள்.

ஒரே நாளில் இதையெல்லாம் நடந்து பார்க்க முடியுமா?

எல்லாவற்றையும் முடியாது, வைகைக்குத் தெற்கே இருப்பதை முடியும். காலை வெயில் ஏறுவதற்குள் ரயில் நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரத்தில் தொடங்கி, மேலமாசி வீதியில் காந்தி வீடு, அனுமந்தராயர் கோயில் தெரு, பிறகு கோயிலைச் சுற்றிக் கிழக்கே வந்து விட்டவாசல், புது மண்டபம், அங்கிருந்து தெற்கே விளக்குத்தூண், பத்துத்தூண், மகால். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆட்டோ பிடித்து ஏ.வி. பாலம் தாண்டினால் கோரிப்பாளையம் தர்கா, அமெரிக்கன் கல்லூரி, காந்தி மியூசியம் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மகாலை மதியத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விளக்குத்தூண் பக்கம் போகவே போகாதீர்கள், ஜவுளிக் கூட்டத்தில் நடக்க இடம் இருக்காது.